பெரியத்தை விட்டுப்போன உல்லனும் பாதி ஸ்வெட்டரும்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

பெரியத்தை குன்னூரில் டீச்சராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு கோபிக்கு வந்தவர். அவர் காலமான பின் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உல்லன் நூலும், ஊசியோடு நின்ற ஒரு ஸ்வெட்டரும், பாதியில் விட்ட குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) விரிப்பும் என்னிடம் வந்தன. அவற்றை வைத்துப் பின்னியவை எல்லாம் இப்போது நன்றாகப் புழங்கிவிட்டதால், எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன்.

பழைய நூலில் லேபிள் இருக்காது. எது அசல் கம்பளி, எது அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்று தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சின்னத் துண்டு வெட்டி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளியில் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துப் போகும். அக்ரிலிக்குக்கு இஸ்திரிதான் எதிரி. அதனால் இரண்டையும் ஒரே உடுப்பில் கலக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம் பூச்சி. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தின்னும். அரித்த இடம் உருண்டைக்குள் இருந்தால் வெளியே தெரியாது. ஒரு முழம் நூலை இரு கையிலும் பிடித்துச் சுண்டுங்கள். பட்டென்று அறுந்தால் அந்த நூல் முழங்கைக்கும் சாக்ஸுக்கும் ஆகாது. அந்துருண்டை போட்டு வைத்திருந்த நூலில் கைக்குழந்தைக்கு எதுவும் பின்னவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பாட்டி காலத்து நூலில் பேரப்பிள்ளைக்குக் குல்லா என்பது அழகான ஆசைதான். ஆனாலும் குழந்தைக்குப் புது நூல் வாங்கிவிடுங்கள்.

இனி அந்த ஸ்வெட்டர். அத்தை தன் தம்பிக்காக, அதாவது என் அப்பாவுக்காக, ஆரம்பித்தது. பழுப்பு நிறம், நல்ல கம்பளி. முதுகுப்பக்கம் முழுசாக முடிந்திருந்தது, முன்பக்கம் அக்குள் வரை வந்திருந்தது. அடுத்தவர் கைவேலையைத் தொடரும்போது பெரிய சிக்கல் இழுவைதான், அதாவது நூலை எவ்வளவு இறுக்கிப் பின்னுகிறோம் என்பது. அத்தையின் பின்னலில் 10 செ.மீ. அகலத்துக்கு 24 கண்ணி. அதே 10-ஆம் நம்பர் ஊசியில் எனக்கு 22-தான் வந்தது. பழைய ஊசிகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், 10 என்றால் 3.25 மி.மீ., 11 என்றால் 3 மி.மீ. நான் 11-க்கு மாறியதும் கணக்குச் சரியாக வந்தது. அவர் போட்டதை ஒரு வரிசைகூடப் பிரிக்கவில்லை. பிரித்து முதலிலிருந்து பின்னினால் சீராக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்குளில் எப்படியும் கண்ணி குறைக்க ஆரம்பிப்போம், பின்னலின் போக்கே அங்கே மாறும். கை மாறியதை மறைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சில சலவைக்குப் பிறகு அந்தக் கோடு கண்ணுக்கே படுவதில்லை.

உருண்டைகளில் வெளிச்சுற்று நூல் வெளுத்து, உள்நூல் கருத்து இருந்தது. அதனால் ஸ்வெட்டரின் கைகளை இரண்டு உருண்டையிலிருந்தும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினேன். திட்டுத் திட்டாகத் தெரியவில்லை.

அப்பா போட்டுப் பார்த்தார், பொத்தான் எட்டவில்லை. "உங்கத்தை அளவெடுத்தப்ப நான் ஒல்லியா இருந்தேன் கண்ணு" என்றார். பாதியில் நின்ற உடுப்பு யாருக்கானதோ, அவருடைய அந்தக் காலத்து உடம்பின் அளவில்தான் இருக்கும். இரு விலாவிலும் 4 செ.மீ. அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் 'ரிப்' (மேடு பள்ளமாக வரும் பின்னல்) பட்டை பின்னி இணைத்தேன். ரிப் இழுத்தால் கொடுக்கும் என்பதால் இப்போது வசதியாக இருக்கிறது. மார்கழி விடியலில் பால் சொசைட்டிக்கு கேனை எடுத்துப் போகும்போது அதைத்தான் போடுகிறார்.

அக்ரிலிக் நூலில் பின்னிய மஃப்ளரும் தலையணை உறையும் மெஷினில் துவைத்தும் வடிவம் கெடவில்லை, ஆனால் உராயும் இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் பிசிறு கட்டுகிறது. மாசி பிறந்தால் நம் ஊர் வெயிலுக்கு மஃப்ளர் தோளில் தங்காது. வெயில் காலத்துக்குத் திருப்பூர் பனியன் நூல்தான் சரி. அதில் கூம்பில் சுற்றி வரும் 30-ஆம் நம்பர் கோன் நூல் மெல்லியது, ஐந்தாறு இழை சேர்த்துத்தான் கையால் பின்ன முடியும். குரோஷா விரிப்பை முடிக்கவில்லை. நூல் மஞ்சள் பூத்துவிட்டதால் அதே நிறம் கிடைக்கவில்லை. முடிந்திருந்த பூக்களை மட்டும் ஜமக்காள உறையின் ஓரத்தில் தைத்துவிட்டேன், அப்படியே நன்றாக இருக்கிறது.

கம்பளி நூலை ஒட்ட முடிச்சு வேண்டாம். இரு நுனியையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஈரம் தொட்டு உள்ளங்கையில் சூடேறத் தேய்த்தால் இழைகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக்குக்கு இது பலிக்காது. அப்பா ஸ்வெட்டரின் வலது முழங்கை இப்போது தேய ஆரம்பித்திருக்கிறது. பழுப்பு நூலில் ஒரு சின்ன உருண்டை மிச்சம் இருக்கிறது, ஐப்பசி மழைக்குள் ஒட்டுப் போட்டுவிட வேண்டும்.