சாஃப்ட் ரிசர்வ்: தோற்றாலும் எரிச்சல் வராத லூட் முறை

வாவ் கிளாசிக் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமின் பழைய வடிவம்) ஆடுகிறேன். அதில் நான் ப்ரீஸ்ட், மற்றவர்களைக் குணப்படுத்துகிற ஹீலர். மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்கு 40 பேர் சேர்ந்து ரெய்டு போவோம். ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, விழுந்தால் கிடைக்கிற பொருளை (லூட்) ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் வெறுங்கையோடு அடுத்த பாஸுக்கு நடக்க வேண்டியதுதான். அதனால் எந்தக் குழுவில் சேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது, "லூட் எப்படிப் பிரிப்பீங்க?"

எட்டு மாதமாக சாஃப்ட் ரிசர்வில் ஆடுகிறேன். ரெய்டுக்கு முன் லீடர் ஒரு லிங்க் அனுப்புவார். வேண்டிய பொருள் ஒன்றையோ இரண்டையோ அதில் குறித்துவிட வேண்டும். ரெய்டு தொடங்கும்போது பட்டியல் பூட்டப்படும். அந்தப் பொருள் விழுந்தால் குறித்தவர்கள் மட்டும் 1 முதல் 100 வரை ரோல் போடுவார்கள், அதாவது கேமின் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் வந்தவருக்குப் பொருள். யாரும் குறிக்காதது விழுந்தால் யார் வேண்டுமானாலும் ரோல் போடலாம். பட்டியலைக் கார்குல் என்ற ஆடானில் (கேமோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஏற்றிப் பகிர்ந்துவிட்டால், பொருளின் மேல் மவுஸை வைத்ததுமே பெயர்கள் தெரியும். அப்புறம் மறைக்க எதுவும் இல்லை.

முன்பு இருந்த கில்டில் (ஆட்டக்காரர்களின் நிலையான குழு) லூட் கவுன்சில் முறை. கில்டை நடத்தும் ஆஃபிசர்கள் தனிச் சேனலில் பேசி முடிவு செய்வார்கள். மேஜர்டோமோ என்ற பாஸின் பெட்டியில் ஹண்டர் வகை வீரருக்கான இலை வரும், இல்லையென்றால் ப்ரீஸ்டுக்கான 'ஐ ஆஃப் டிவினிட்டி' வரும். பெனடிக்‌ஷன் என்ற ப்ரீஸ்ட் தடியைப் பெற அந்தக் கண் (ஐ) வேண்டும். பதினோரு வாரம் ஒரு ரெய்டும் விடாமல் போனேன். கண் விழுந்தது. வாய்ஸில் ஐந்து நிமிடம் மௌனம். கடைசியில், சேர்ந்து இரண்டே வாரமான ஒருவருக்குப் போனது; ஆஃபிசர் ஒருவரின் நண்பராம். காரணம் கேட்டேன். "கில்டோட நன்மைக்குத்தான்" என்றார்கள். அன்றிரவே கில்டை விட்டு வெளியே வந்தேன்.

புதுக் குழுவில் அதே கண் விழுந்தபோது மூன்று பேர் குறித்திருந்தோம். எனக்கு வந்தது 12. சிரிப்புத்தான் வந்தது. ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு மானா குடிக்க உட்கார்ந்தேன். பகடை என் முகத்தைப் பார்த்து எண் போடுவதில்லையே!

டிகேபி (டிராகன் கில் பாயின்ட்ஸ்) முறையிலும் ஆடியிருக்கிறேன். 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமில் பிறந்த முறை அது. டிராகன்களைக் கொன்று புள்ளி சேர்த்து, அதை வைத்துப் பொருள் வாங்குவது. உழைப்புக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய ஆட்கள் புள்ளியைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் புதிதாக வருகிறவர் மாதக்கணக்கில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

சாஃப்ட் ரிசர்வின் பெரிய குறை, அதற்கு ஞாபகசக்தியே கிடையாது. எட்டு வாரம் தோற்றவரும் இன்று முதல்முறை வந்தவரும் அதற்கு ஒன்றுதான். முன்பின் தெரியாதவர்கள் ஒரு ராத்திரி சேர்ந்து ஆடிப் பிரிகிற குழுவுக்கு இது சரி. வாராவாரம் அதே ஆட்களோடு ஆடினால் உறுத்தும். இன்னொன்று, ஹார்ட் ரிசர்வ். கார் என்ற பாஸ் தருகிற, அபூர்வ வாள் ஒன்றுக்கு வேண்டிய பைண்டிங்கை லீடர் "இது எனக்கு" என்று முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்வார். முதலிலேயே சொல்லிவிட்டால் பரவாயில்லை; பிடிக்காதவர் வேறு குழு பார்த்துக்கொள்ளலாம். பாஸ் விழுந்த பிறகு சொல்கிற குழுவுக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

எங்கள் லீடர் இப்போது ஒரு திருத்தம் செய்திருக்கிறார். அதே பொருளைக் குறித்து ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பும்போதும் அடுத்த ரோலில் 10 கூடும். ஒரு வாரம் வராவிட்டால் கூட்டியது போய்விடும். இதைக் கேட்டதும் டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குகிறவர்) ஒருவர், "அப்போ இதுவும் டிகேபிதானே, அண்ணா?" என்று ஆரம்பித்தார். பாதி உண்மைதான். ஆனால் கூடுவது அந்த ஒரு பொருளுக்கு மட்டும், ஜெயித்துவிட்டால் பூஜ்ஜியம்.

ஷீட்டில் என் பெயருக்கு நேரே இப்போது +30. போன வாரமும் பெட்டியில் இலைதான்.