முதல் நாள் பிடிப்பும் பத்தாம் ஆண்டுப் பிடிப்பும்: பல் பசைகள் ஓர் ஒப்பீடு

பல்லில் அடைப்பை ஒட்டிய மறுநாளே இழுத்துப் பார்த்தால், இன்று விற்கும் பசைகளில் பெரும்பாலானவை தேறிவிடும். விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் வரும் எண்கள் பலவும், 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து எடுத்த கணக்குகள்தான். வாயில் அந்தப் பசை ஊறப்போவது ஆண்டுக்கணக்கில்.

பல்லின் கடினமான மேலுறையான எனாமலைப் பற்றி வழக்கு ஏதும் இல்லை. 1955இல் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி, இறுகும் பிசினான ரெசினை ஒட்டவைத்தார்; அந்த வழி இன்றும் அசையவில்லை. வில்லங்கம் எல்லாம் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில்தான். எடையில் ஏறத்தாழ 70 சதவீதமே தாது. மீதி கொலாஜன் என்ற புரத இழையும் நீரும்.

அமிலம் தடவிக் கழுவும் முறையில், 15 வினாடியில் தாது கரைந்து கொலாஜன் வலை அம்மணமாக நிற்கும். அதிகம் உலர்த்தினால் வலை படுத்துவிடும். ஈரம் மிஞ்சினால் ரெசின் இறங்காது. பளபளப்பு தெரிய வேண்டும், குளம் கட்டக் கூடாது. இந்த நூலிழைக் கணக்கு தினமும் யாருக்குச் சரியாக வருகிறது? ரெசின் எட்டாத அடிப்பகுதிக் கொலாஜனைப் பல்லிலேயே உறங்கிக் கிடந்த நொதிகள் மெல்ல அரித்துத் தின்கின்றன. கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் தடவுவது இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. இதிலும், ரெசினுக்கு முன் டென்டினைத் தயார்படுத்தும் பிரைமரையும் ரெசினையும் தனித்தனியாகப் பூசும் மூன்று படி முறை, இரண்டையும் ஒரே புட்டியில் கலந்த இரண்டு படி முறையைவிட நீண்ட நாள் நிற்கிறது. மேலே வரும் தனி ரெசின் அடுக்கு தண்ணீரை அண்டவிடாது என்பதே காரணம்.

பசையிலேயே அமிலம் இருப்பதால் கழுவத் தேவையில்லாத மிதமான செல்ஃப் எட்ச் வகை, தாதுவை முழுக்க உரிப்பதில்லை. 10-எம்டிபி என்ற மூலக்கூறு எஞ்சிய கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு நீரில் எளிதில் கரையாது. எனாமலில் மட்டும் இதன் கை தாழ்வு. ஆகவே எனாமல் விளிம்பில் தனியாக அமிலம் வைத்துக் கழுவிவிட்டு, டென்டினில் இரண்டு புட்டி செல்ஃப் எட்ச் பூசுவதே என் தேர்வு.

ஒரே புட்டிப் பசைகள் அவசரக்காரர்களுக்கானவை. அமிலமும் நீரும் கலந்து கிடப்பதால், இறுகிய பிறகும் அந்தப் படலம் டென்டினிலிருந்து நீரைக் கசியவிடுகிறது. எந்த முறையிலும் பூசலாம் என்று யுனிவர்சல் பெயரில் வருபவை இவற்றின் வாரிசுகள். பலவற்றில் எம்டிபி சேர்ந்திருப்பதால் முன்னோரைவிடத் தேவலை. மேலே நீர் விலக்கும் ரெசின் ஒன்றைப் பூசினால் இன்னும் மேம்படும். ஆனால் அப்போது ஒரே புட்டி என்ற பெருமை போய்விடுகிறதே!

கடைசியில் கிளாஸ் அயனோமர், கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்து இறுகும் சிமென்ட். வில்சனும் கென்ட்டும் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. இழுவைச் சோதனையில் இதற்குக் கடைசி வரிசைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் உடைவது சிமென்ட்டின் உடல், ஒட்டிய இடம் அல்ல. ஈறோரம் தேய்ந்த ஆப்பு வடிவக் குழிகளில், பிடிமானத்துக்குச் சுவரே இல்லாத இடத்தில், மருத்துவ ஆய்வுகளில் உதிராமல் நிற்பதில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. கால்சியத்தோடு நேரடிப் பிணைப்பு. நீர் அதற்குப் பகையும் அல்ல, உடலில் ஒரு பங்கு. அழகு குறைவு, கடிக்கும் பரப்பில் தேய்மானம் அதிகம் என்பது உண்மை. எச்சிலைத் தடுக்க முடியாத வேர்ப்பகுதிக் குழிக்கு நான் வேறெதையும் தேடுவதில்லை. நடுவில் தேய்ந்து குழிந்துபோன பழைய அடைப்பை எடுக்கப் போனாலும், டிரில் ஓடி முடியும்வரை அதன் விளிம்பு பல்லை விடுவதில்லை.