டொயோட்டா 86-க்கு ஒன்பது இன்ச் ரிம்: உரசாமல் உட்கார்ந்த கதை

டொயோட்டா 86 என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ரிம் 17×7 (விட்டமும் அகலமும், இன்ச்சில்), ஆஃப்செட் 48 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பது), டயர் 215/45 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச் சுவரின் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது). பக்கத்தில் நின்று பார்த்தால் சக்கரம் ஃபெண்டருக்குள், அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி வளைவுக்குள், ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும். பின்பக்கம் லேசாக வழுக்கி விளையாடட்டும் என்று வேண்டுமென்றேதான் மெலிந்த டயர் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மலேசியாவின் கெந்திங் மலை வளைவுகளில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். அதனால் என்கெய் ஆர்பிஎஃப்1 ரிம் வாங்கினேன்: 17×9, ஆஃப்செட் 45. அதில் 235/40 டயர். காரின் உயரத்தைக் குறைக்கவில்லை, அப்சர்பர் (அதிர்வு தாங்கி), ஸ்பிரிங் எல்லாம் ஒரிஜினல்.

முதலில் ரிம். இரண்டு இன்ச் கூடுதல் அகலம் இருந்தும் ஒரிஜினலை விட எடை குறைவு. ஒன்று ஏழரை கிலோவுக்குப் பக்கம்தான் வரும். கையில் தூக்கும்போதே தெரிகிறது. நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், 86-இன் ஹப் (ரிம் மாட்டும் அச்சு முனை) 56.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஆட வாய்ப்பு உண்டு. இந்த மாடலுக்குப் போலிகள் நிறைய. விலை பாதியாக இருந்தால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உரசல் விஷயம். ரிம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள், ஃபெண்டரில் இடிக்குமா என்று. கணக்குப் போட்டால் உள்பக்கமும் அதே அளவுக்குப் பிரச்சினைதான். ஒரிஜினலோடு ஒப்பிட்டால் என்னுடைய ரிம் வெளியே 28 மில்லிமீட்டர் வருகிறது, உள்ளே அப்சர்பர் பக்கம் 22 மில்லிமீட்டர் போகிறது. அகலத்தை 25.4-ஆல் பெருக்கி, பாதியாக்கி, ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்பக்கம், கழித்தால் வெளிப்பக்கம்; இரண்டு ரிம்முக்கும் போட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

நான் முதலில் போன கடையில் இந்தப் பேச்சே எடுபடவில்லை. "பாஸ், ஆஃப்செட் 35 இருக்கு, அதப் போடுங்க. சும்மா கும்முனு நிக்கும். இடிச்சா ஃபெண்டர ரோல் பண்ணிக்கலாம்" என்றார் கடைக்காரர். ஒன்பது இன்ச்சில் 35 என்றால் வெளியே 38 மில்லிமீட்டர் வந்துவிடும். 86-இன் முன்சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்பது. டயர் ஃபெண்டர் விளிம்புக்கே வந்துவிடும். பாடியைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் வேறு. தன்னிடம் இருக்கும் சரக்குக்குத் தோதாக என் காரை அடித்து வளைக்கச் சொல்கிறார்! வேறு கடைக்குப் போனேன். அங்கே இருந்த இளைஞர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. அப்சர்பரில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக ஒட்டி, ரிம்மை மாட்டிச் சுற்றிவிட்டு, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்து காட்டினார். இடைவெளி எவ்வளவு என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினார், நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து மறுபடி பார்க்கச் சொன்னார். அந்த மறுபார்வைக்குக் காசு வாங்கவில்லை.

டயர் அளவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 225/45 போட்டால் அகலம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் விட்டம் ஒன்பது மில்லிமீட்டர் ஏறிவிடும். முழுசாகத் திருப்பும்போது முன் ஃபெண்டர் லைனரில் (உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பில்) உரசும் வாய்ப்பும் அதோடு ஏறும். 235/40 ஒரிஜினலை விட ஐந்தரை மில்லிமீட்டர் சிறியது. 245/40 கிட்டத்தட்ட ஒரிஜினல் உயரம்தான், கடைகளில் சுலபமாகவும் கிடைக்கிறது. 235/40-இல் டயர் தேர்வு குறைவு, அது உண்மை. ஆனாலும் அப்சர்பர் பக்கம் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்று அதையே எடுத்தேன். காரணம் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு.

முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டுச் சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே சாய்த்தால் ஃபெண்டருக்கு இடம் கிடைக்கும், வளைவிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் அந்த போல்ட் அப்சர்பரின் அடியில் இருக்கிறது. சக்கரம் மட்டும் சாய்கிறது, அப்சர்பர் சாய்வதில்லை. ஆக டயரின் மேல்விளிம்பு அப்சர்பரை நெருங்கும். மேலே கேம்பர் பிளேட் போட்டுச் சாய்த்தால் இரண்டும் சேர்ந்தே சாயும், உள் இடைவெளி மாறாது. வெளியே உரசுகிறது என்று போல்ட்டைத் திருகி, பிறகு உள்ளே உரசுகிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

லைனரில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி ரிவர்ஸ், அடுக்குமாடி கார் நிறுத்தத்தின் சுருள் ஏற்றம், எங்கள் தாமான் குடியிருப்பில் யாரோ கோபத்தில் கட்டியது போன்ற வேகத்தடைகள், பின்சீட்டில் தம்பி மகன்கள் இருவர் (அந்தச் சீட்டில் மனிதர்கள் உட்காரக்கூடாது, அது தனிக் கதை). டேப் கிழியவில்லை, கறுப்பும் படியவில்லை.

ஓட்டம்? காய்ந்த சாலையில் பிடிப்பு பிரமாதம். ஸ்டீயரிங் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. பின்பக்கத்தின் அந்த லேசான ஆட்டம் போய்விட்டது. அதற்காகவே 86 வாங்கியவர்கள் ஒரிஜினல் ரிம்மிலேயே இருங்கள். கொட்டுகிற மழையில் அகல டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும், காராக் நெடுஞ்சாலையில் மாலை மழை பிடித்தால் நான் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

காரை இறக்கியிருப்பவர்கள் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரம் குறைந்தால் முன் லைனரும் பம்பர் ஃபெண்டரோடு சேரும் இடமும் டயருக்கு நெருங்கிவிடும். ரிம் வாங்கும் முன்பே அந்தக் களிமண் சோதனையை உங்கள் காரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.