வூவ்ரேயா, ஷினோனா: ஆற்றோரத் திராட்சை மது ஊர்களில் எதைத் தேர்வது?

பிரான்சின் தூர் நகரில் தங்கி, ஒரே ஒரு மது ஊருக்குச் செல்ல நாள் ஒதுக்கியிருப்பவர்கள், லுவார் நதிக்கரையின் வூவ்ரேக்கும் வியென் ஆற்றங்கரையின் ஷினோனுக்கும் இடையே தயங்குவது இயல்பே.

பயணம்: வூவ்ரே தூருக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருப்பதால் அரை நாள் போதும். ஷினோனுக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

மது: வூவ்ரேயில் ஷெனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்தே இனிப்பற்றது, இனிப்பானது, நுரைப்பது என எல்லா வகைகளும் பிறக்கின்றன. மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த, கோடையிலும் குளிர்ந்திருக்கும் நிலவறைகளில் அவற்றை வரிசையாகச் சுவைத்தால், ஒரே பழம் இத்தனை விதமாக மாறுவது வியப்பூட்டும். நல்ல ஆண்டின் இனிப்பு மது பல பத்தாண்டுகள் கெடாது. ஷினோனில் பெரும்பாலும் காபர்னே ஃபிராங்க் என்னும் திராட்சை தரும் சிவப்பு மதுவே.

காட்சி: இதில் ஷினோனே முந்துகிறது. 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க், பின்னாளில் ஏழாம் சார்லஸாக முடிசூடிய இளவரசரைச் சந்தித்த கோட்டை அங்கே குன்றின்மேல் நிற்கிறது. அதன் அடியில் பழைய தெருக்கள் ஆறு வரை இறங்குகின்றன. வூவ்ரேயில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே உள்ளன.

ஆகவே மதுவை அறிய விரும்புவோர் வூவ்ரேக்குச் செல்லலாம். மது அருந்தாதோரும் குழந்தைகளும் உடன் வரும் குடும்பத்துக்கு ஷினோனையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.