எஸ்ஏடி கணிதமும் திரை மூலையில் ஒரு கால்குலேட்டரும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பத்தாம் வகுப்பில் மகனை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதவேண்டிய தேர்வு எஸ்ஏடியா ஏசிடியா என்று கேட்டுவிட்டு ஒரே வரியில் பதில் எதிர்பார்த்தார். என் மூத்த மகளின் தயாரிப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை அருகிலிருந்து பார்த்தவன், அவள் எழுதிய மாதிரித் தேர்வுகளை நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். 2024 மார்ச் முதல் அமெரிக்காவிலும் எஸ்ஏடி கணினிக்கு மாறிவிட்டது என்பதையும், 2025இல் ஏசிடி தன் நீளத்தைக் குறைத்துக்கொண்டு அறிவியலை விருப்பப் பகுதியாக்கியது என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எஸ்ஏடி என்றதும் எல்லோரும் இரண்டாம் மாட்யூலை, அதாவது ஒவ்வொரு பகுதியின் இரண்டாவது பாதியைப் பற்றியே பேசுகிறார்கள். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறோமோ அதற்கேற்ப இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும், எளிதானது வந்துவிட்டால் உச்ச மதிப்பெண் கைக்கு எட்டாது என்ற அச்சம் உண்மைதான். ஆனால் அதைப் பற்றி மாணவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முதல் மாட்யூலைக் கவனமாக முடிப்பதைத் தவிர வேறு உத்தி கிடையாது. வாசிப்புப் பகுதியிலும் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. பழைய நீண்ட பத்திகளோடு மல்லாடியவர்களுக்கு இது விடுதலை. என்னை வியக்க வைத்ததும், இன்றுவரை எரிச்சலூட்டிக்கொண்டிருப்பதும், எஸ்ஏடி எழுதும் ப்ளூபுக் செயலிக்குள் கணிதப் பகுதி முழுவதற்கும் திறந்தே கிடக்கும் டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டர்தான்.

முதலில் வியப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அட்டவணையில் சில எண் இணைகளைக் கொடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் நேர்கோட்டுச் சார்பைக் கேட்கும் கணக்கு அடிக்கடி வருவது. சாய்வைக் கண்டுபிடித்து, ஒரு புள்ளியைப் பிரதியிட்டு, வெட்டுத்துண்டை வரவழைப்பது நாம் படித்த முறை. டெஸ்மோஸில் அட்டவணையை அப்படியே தட்டிவிட்டு, அடுத்த வரியில் சமக்குறிக்குப் பதிலாக அலைக்குறி போட்டுச் சமன்பாட்டை எழுதினால், சாய்வும் வெட்டுத்துண்டும் தாமாகவே கீழே வந்து நிற்கின்றன. இரண்டு சமன்பாடுகளின் தீர்வு கேட்டால், இரண்டையும் தட்டி, கோடுகள் வெட்டும் புள்ளியைச் சொடுக்கினால் முடிந்தது. கணிதத்தில் 44 கேள்விகளுக்கு 70 நிமிடங்கள், அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். இந்தக் கருவி பழகிய கைக்கு அந்த நேரம் மிஞ்சும். கணக்கென்றாலே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த என் மகள், வரைபடம் கண்முன் அசைவதைப் பார்த்த பிறகு, கேட்காமலேயே மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தாள். அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி எரிச்சல். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 11 என்ற பரவளையத்தை ஒய் = 3எக்ஸ் + சி என்ற கோடு ஒரே ஒரு புள்ளியில் தொடவேண்டும்; சி என்ன? மகள் இரண்டையும் தட்டினாள், சி-யின் மதிப்பை மாற்ற ஒரு ஸ்லைடர், அதாவது இழுக்கும் பட்டை, வந்தது, இழுத்தாள். −1.2இல் கோடு வளைவைத் தொடுவது போலிருந்தது, −1.3இல் லேசாக விலகியது போலிருந்தது. ஸ்லைடர் பத்தில் ஒரு பங்காகத்தான் நகர்கிறது. இரண்டில் எது என்று அவள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நிமிடம் போய்விட்டது. உண்மையில் விடை இரண்டும் இல்லை. இரண்டு சமன்பாடுகளையும் சமப்படுத்தினால் எக்ஸ்² − 7எக்ஸ் + 11 − சி = 0 என்று வரும்; ஒரே தீர்வு வரத் தன்மைகாட்டி (பி² − 4ஏசி) பூச்சியமாக வேண்டுமென்றால் 49 = 4(11 − சி); ஆக சி = −1.25. தாளில் மூன்று வரி. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியாக இருந்தால் தப்பித்திருப்பாள். கணிதத்தில் ஏறத்தாழ கால்வாசிக் கேள்விகளுக்கு விடையை நாமே தட்டவேண்டும், அங்கே தோராயம் செல்லாது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. அது சொன்னதைச் செய்கிறது. கோபம் வருவது அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் பயிற்சி வணிகத்தின் மேல்தான். நாங்கள் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி நிறுவனம் இயற்கணிதத்தைத் தொடவே இல்லை. வாரம் தவறாமல் புதிய டெஸ்மோஸ் குறுக்குவழி ஒன்றை மட்டும் சொல்லித் தந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய சொந்த மாதிரித் தேர்வில் டெஸ்மோஸே இல்லை, சாதாரணக் கால்குலேட்டர் ஒன்றுதான் இருந்தது. இரண்டாம் மாட்யூலும் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, கூடுதல் கட்டணத்தில் அடுத்த நிலை வகுப்புக்கு வாருங்கள் என்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ப்ளூபுக்கில் உள்ள அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளும், கான் அகாடமி இணையதளத்தின் பயிற்சியும் இலவசம் என்பதை இங்கே ஒருமுறை அழுத்திச் சொல்லிவைக்கிறேன்.

தேர்வு முடிந்து, நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண்ணே வந்தது. அடுத்த ஆண்டு பள்ளியில் ஏ.பி. கால்குலஸ், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை நுண்கணிதம். அந்தத் தேர்வில் 45 கொள்குறி வினாக்களில் 30க்கும், 6 விரிவான வினாக்களில் 4க்கும் கால்குலேட்டர் கூடாது. எக்ஸ்² − 7எக்ஸ் + 12 என்பதைக் காரணிப்படுத்த அவள் கை தானாக மடிக்கணினியைத் தேடியதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை முழுதாக எழுதினால் இது அனுபவப் பகிர்வாக இருக்காது. 3, 4 என்று கண்ணாலேயே சொல்லக்கூடிய கணக்கு அது. எஸ்ஏடி கணிதத்தில் இயற்கணிதமும் உயர்நிலைக் கணிதமுமாகச் சேர்ந்து சுமார் 70 விழுக்காடு என்கிறார்கள்; அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இந்த நிலை.

ஏசிடியோடு ஒப்பிட்டால் நியாயம் எஸ்ஏடியின் பக்கம்தான் சாய்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சுருக்கிய பிறகும் ஏசிடி கணிதத்தில் 50 நிமிடங்களுக்கு 45 கேள்விகள். ஆங்கிலத்தில் 35 நிமிடங்களுக்கு 50. யோசித்து எழுதும் பிள்ளைக்கு அந்த வேகம் கொடுமை. ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: இரண்டிலும் ஓர் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை முழு நேரக் கட்டுப்பாட்டோடு எழுத வையுங்கள், இரு மதிப்பெண்களையும், தேர்வுகளை நடத்தும் இரு அமைப்புகளும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையில் வைத்துப் பாருங்கள், அதில் ஏசிடி 30 என்பது எஸ்ஏடியில் 1360 முதல் 1380 வரை, தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்ஏடி. விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஐடி 2022இலேயே இந்தத் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவுக்கு இரண்டையுமே எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, என் இளைய மகனை மட்டும் ஏசிடிக்கு, அதுவும் தாளில் எழுதும் வடிவத்துக்குத் தயார்செய்யலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் கால்குலேட்டர் அனுமதி உண்டு, வரைபடக் கால்குலேட்டரே எடுத்துச் செல்லலாம்; நான் அவனுக்கு வாங்கித் தரப்போவது கூட்டல், கழித்தல், வர்க்கமூலம் வரை தெரிந்த சாதாரணக் கால்குலேட்டர். அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு ஏன் இல்லை என்று மகள் சண்டைக்கு வருகிறாள், அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மாதிரித் தேர்வுகளையும் அவனும் எழுதத்தான் போகிறான். ஏசிடியில் 30க்குக் கீழே நின்று, எஸ்ஏடியில் 1400ஐத் தாண்டிவிட்டால் மட்டும், மறுபேச்சில்லாமல் நானே ப்ளூபுக்கை நிறுவித் தருகிறேன்.