டென்ஷன் தலைவலி: பாராசிட்டமாலா, ஐபுபுரூஃபனா, மாத்திரையே வேண்டாமா?

தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் அழுத்தும் வலி. படியேறினாலும் வலி அதிகமாகாது, வாந்தியும் வராது. இதுதான் டென்ஷன் தலைவலி. அரை மணியிலும் தீரும், ஏழு நாளும் இழுக்கும். விண்விண்ணென்று தெறித்து, குமட்டலோடு, நடந்தாலே கூடுகிறதென்றால் பெரும்பாலும் அது ஒற்றைத் தலைவலி. அதற்கான வைத்தியம் வேறு. திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி என்றால் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எது நல்லது என்பதை மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது என்பதே தீர்மானிக்கும். முதலில் அதை நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

எப்போதாவது வருகிறதென்றால் போட்டி பாராசிட்டமாலுக்கும் ஐபுபுரூஃபனுக்கும்தான். பாராசிட்டமால் கேட்கவில்லை என்பவர்களில் பலர் 500 மி.கி. ஒன்றோடு நிறுத்தியிருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1000 மி.கி. வரை போடலாம். 650 மாத்திரையில் இரண்டு போட்டால் அந்த அளவைத் தாண்டிவிடும். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளுக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் நோய், குடிப்பழக்கம், குறைந்த உடல் எடை இருந்தால் அளவு இன்னும் குறையும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதால் அதையும் கணக்கில் சேருங்கள்.

ஐபுபுரூஃபன் 400 மி.கி. வலியைக் குறைப்பதில் சற்று முந்தக்கூடும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, வலிமாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா என்று விலக வேண்டியவர்கள் பட்டியல் நீளம். அதனால் பாராசிட்டமாலையே முதலில் முழு அளவில் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் குறையவில்லையென்றால் அடுத்த தடவை ஐபுபுரூஃபன், சாப்பாட்டோடு. காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் அதை அடிக்கடி போட்டால் மாத்திரையாலேயே வரும் தலைவலியும் சீக்கிரமே வரும்.

தைலத்தை லேசாக நினைக்க வேண்டாம். 10 சதவீத புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் தடவியது, ஒரு ஆய்வில் 1000 மி.கி. பாராசிட்டமாலுக்கு நிகராக இருந்தது. கடைத் தைலங்களின் கலவை வேறு, எனவே அதே பலனை எதிர்பார்க்க முடியாது. கண்ணருகே வேண்டாம், கைக்குழந்தைகளுக்கு அறவே கூடாது. ஒத்தடத்தில் வெந்நீரா, ஐஸா என்பது உங்களுக்கு எது இதமோ அதுதான்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதமாகத் தொடர்ந்தால் கணக்கே மாறிவிடும். இங்கே வலிமாத்திரைகள் தோற்கின்றன. மருத்துவர் பொதுவாகத் தருவது அமிட்ரிப்டிலின், இரவில் 10 மி.கி.யில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். மனச்சோர்வு மருந்து என்று காகிதத்தில் படித்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அது சிறிய அளவில் வலி நரம்புகளுக்காகத் தரப்படுகிறது. முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் வாய் வறளும், காலையில் தூக்கம் கவியும், எடையும் கூடலாம். கண் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் தசைத் தளர்வுப் பயிற்சி: தோள், தாடை, நெற்றி என ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளர விட வேண்டும். தினமும் 15 நிமிடம். வலிக்கும்போது மட்டும் செய்பவர்களுக்கு இது கைகொடுப்பதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்வதைவிட மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

சாதாரண வலிமாத்திரை மாதத்தில் 15 நாள், கூட்டு மாத்திரை 10 நாள் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். முதல் பத்து நாட்களுக்குள் வலி கூடிவிட்டுத்தான் இறங்கும்.