8051க்கு இலவச சி கம்பைலர்: எஸ்டிசிசி தேறுமா?

8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் எதையாவது ஓட்டிப் பார்க்க விரும்புகிறவருக்கு வணிகக் கம்பைலர்களின் (நாம் எழுதும் நிரலைச் சிப்புக்கான இயந்திர மொழியாக மாற்றும் மென்பொருள்கள்) சோதனைப் பதிப்புகள் நெடுநாள் உதவுவதில்லை. பரவலாகப் பயன்படும் ஒன்று 2 கிலோபைட்டைத் தாண்டிய நிரலை ஏற்காது என்பதால், நிரலைச் சேமிக்க 8 கிலோபைட் ஃபிளாஷ் உள்ள ஏடி89எஸ்52 சிப்பில் முக்கால் பங்கு சும்மாவே கிடக்கும். எஸ்டிசிசி என்ற இலவசக் கம்பைலரில் அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளிவரும் இது லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும்.

ஆனால் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. எல்சிடி திரையில் காட்ட வேண்டிய வாசகங்களை முதலில் சாதாரண அணிகளாக எழுதியிருந்தேன். உள் ரேமில் தொடர்ச்சியாக இத்தனை பைட் இடமில்லை என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைத்து நினைவகத்தில் இடம் ஒதுக்கும் கருவி) நின்றுவிட்டது. அந்தச் சிப்பில் ரேம் இருப்பதே 256 பைட், அதிலும் நேரடியாக எட்டக்கூடியது 128தான், மாறிகள் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். அணிகளுக்கு முன் இரண்டு அடிக்கோடுகளுடன் 'கோட்' என்று சேர்த்ததும் வாசகங்கள் ஃபிளாஷிலேயே தங்கிவிட்டன.

அதைவிடத் தொல்லை தருவது, பிழைச் செய்தியே வராத தவறு. டைமர் இன்டரப்டுக்கான (ஓடும் வேலையை இடைநிறுத்தி டைமர் தரும் அழைப்பு) செயற்கூற்றைத் தனிக் கோப்பில் எழுதி, அதன் முன்னறிவிப்பை (ப்ரோட்டோடைப்) மெயின் உள்ள கோப்பில் சேர்க்க மறந்தால், நிரல் ஒழுங்காகவே கம்பைல் ஆகும். இன்டரப்ட் வந்ததும் எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் வெக்டர் மட்டும் உருவாகாது. ஒரு மாலை முழுவதும் நான் சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்காதது என் குற்றம்.

8051இல் செயற்கூற்றின் உள்மாறிகளை ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக இடம் தரும் ஸ்டாக்கில் வைக்காமல் நிலையான இடத்தில் வைப்பது எஸ்டிசிசியின் இயல்பு. ஆகவே ஒரே செயற்கூற்றை மெயினிலிருந்தும் இன்டரப்டிலிருந்தும் அழைத்தால் மதிப்புகள் ஒன்றையொன்று அழித்துவிடக்கூடும் என்பதால், அதை 'ரீஎன்ட்ரன்ட்' என்று குறித்தாக வேண்டும். இவற்றைப் பழகிக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு, 8051 பலகை ஏற்கெனவே கையில் இருந்தால், எஸ்டிசிசியைத் தயங்காமல் சொல்வேன்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் பிஐசி சிப் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்; எஸ்டிசிசியில் அதற்கான பகுதி இப்போது பராமரிப்பில் இல்லை, மைக்ரோசிப் இலவசமாகத் தரும் எக்ஸ்சி8 கம்பைலர் அவர்களுக்குப் போதும். புதிதாகவே சிப் வாங்கப்போகிறவருக்கு ஏடிமெகா328பி சிப்பும் அதற்கான இலவசக் கம்பைலர் ஏவிஆர்-ஜிசிசியும் எளிய வழி. அங்கும் வாசகங்கள் ரேமுக்குத்தான் ஏறும், 'ப்ரோக்மெம்' என்று குறித்துத்தான் ஃபிளாஷில் நிறுத்த வேண்டும். ரேம் 2 கிலோபைட் இருப்பதால் அது உறைக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.